முட்டி நமக்குக் கடைசி வரைக்கும் வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் உரை நேரத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், மேடையில் பேசிப் பழக்கமில்லை. தலைவி அக்காதான் சொன்னாங்க, "ஆடு வாங்கின கதை, தையல் மெஷின் வாங்கின கதையெல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க. நீ உன் முட்டிக் கதையைச் சொல்லு" என்று. முதலில் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நம்ம குழுவில் கடன் இல்லாதவங்ககூட இருக்காங்க, முட்டி வலி இல்லாதவங்க எத்தனை பேர்?

கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறவங்களைக் கேட்கிறேன். தரையில் கையை ஊன்றாமல், பக்கத்தில் இருக்கிறவங்க தோளைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். (கொஞ்சம் பேர்தான் தூக்கினார்கள்.) பாத்தீங்களா? கை தூக்கினதில் பாதிப் பேர் நம்ம பிள்ளைகள்.

என் கதையை என் மகளிடமிருந்துதான் ஆரம்பிக்கணும். அவள் கபடி ஆடுற பிள்ளை. இப்போ பன்னிரண்டாவது போயிருக்கா. போன வருஷம், 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் நம்ம நாட்டுப் பெண் பிள்ளைகள் கபடியில் தங்கம் வாங்கினாங்க. அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர்ப் பிள்ளை கார்த்திகா துணைத் தலைவியாக ஆடினதை டிவியிலும் போனிலும் எல்லாரும் பாத்திருப்பீங்க. அதைப் பாத்ததிலிருந்து எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தரையில் கால் நிக்கலை. "அம்மா, அவங்களும் நம்மளை மாதிரிதான், விளையாட்டுக்குன்னு வேலையில ஒதுக்கீடெல்லாம் இருக்கு" என்று என் மக கணக்குப் போட ஆரம்பிச்சிட்டா. எனக்கும் ஆசைதான். நானும் பள்ளிக்கூடத்தில் ஓடினவதான், பத்தாவதோட நின்னுபோச்சு.

எங்க ஊர்க் கோயில் திடலில் பயிற்சி ஆரம்பிச்சது. பயிற்சி கொடுத்த தம்பி நல்லவர்தான், காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர். ஆனா பிள்ளைகள் சீக்கிரம் தயாராகணும்னு ஒரேயடியா ஏத்திட்டார். முதல் வாரம் ஐம்பது தோப்புக்கரணம். மூணாவது வாரத்தில் இருநூறு. அதுக்கு மேல தவளைத் தாவல், உட்கார்ந்தபடியே வாத்து நடை, கூட ஆடுற பிள்ளையை முதுகில் தூக்கிக்கிட்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறது. வாரத்தில் ஏழு நாளும் இதே.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட உட்காரும்போது மக சொன்னா, "அம்மா, முட்டிச் சில்லுக்குக் கீழ குத்துது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுத்துக்க. உன்னை வயித்துல வச்சுக்கிட்டே நான் நாத்து பறிச்சவ. இதுக்கெல்லாம் அழுதா கப்பு வாங்க முடியுமா?" இதைத்தான் சொன்னேன். அவளும் அதுக்கப்புறம் சொல்லலை. படி ஏறும்போது உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஏறினா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்.

மார்கழி மாசம் ஒரு சாயங்காலம் பாடிப் போனவள் பிடியிலிருந்து தப்பிச்சுத் தாவி ஒத்தைக் காலில் இறங்கியிருக்கா. முட்டி உள்பக்கமாக மடங்கி, 'டப்'னு சத்தம் கேட்டிருக்கு. ரெண்டு பிள்ளைகள் தாங்கிக்கிட்டு வந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள முட்டி பரங்கிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. நானோ அதுக்கு மேல ஒரு தப்புப் பண்ணினேன். தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூப்பிட்டு சூடா எண்ணெய் வச்சு அழுத்தி உருவச் சொன்னேன். பிள்ளை கத்தினா. மறுநாள் வீக்கம் இன்னும் கூடிப்போச்சு. மாமியார் ஒரு பக்கம், "பொட்டப் புள்ளைக்குக் கபடி எதுக்கு" என்கிறாங்க. வீட்டுக்காரர், "இதோட நிப்பாட்டு" என்கிறார். மக சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா. அந்த மூணு நாளும் எனக்குச் சோறு இறங்கலை.

நாலாம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். எக்ஸ்ரே எடுத்தாங்க, ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தாங்க. கடவுள் புண்ணியம், எலும்பு முறியலை. முட்டியை இறுக்கிப் பிடிச்சிருக்கிற ஜவ்வு இழுபட்டிருக்கு, முழுசா அறுந்து போகலை என்று டாக்டர் சொன்னார். அறுந்திருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்குமாம். "மூணு மாசத்துக்கு விளையாட்டு கிடையாது. ஆனா படுத்தே கிடக்கவும் கூடாது" என்று சொல்லி, மாடியிலிருக்கிற பிசியோதெரபி அம்மாகிட்ட அனுப்பினார்.

அந்த அம்மா மகளுக்கு எல்லாம் பார்த்து முடிச்சிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க: "பாப்பாவுக்குப் பார்த்தாச்சு. உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"நேத்து நீங்க மாடிப்படியில் ஒருபக்கமாத் திரும்பி, கைப்பிடியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் வச்சு இறங்கினதைப் பார்த்தேனே" என்றாங்க.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாலு வருஷமா வலி. யாருக்கும் சொன்னதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கின வலி மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வச்சு, நடவு நாளிலும் நூறு நாள் வேலையில் மண் சுமக்கிற நாளிலும் போட்டுக்கிட்டுத்தான் போனேன். மக என்னையே பார்த்தா. "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டா. என்னத்தைச் சொல்றது? எங்க அம்மா பொறுத்துக்கிட்டாங்க, நான் பொறுத்துக்கிட்டேன், என் மகளையும் பொறுத்துக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

அன்னைக்கு அந்த அம்மா சொன்னதை நம்ம பாஷையில் சொல்றேன்.

முட்டி என்பது கதவுக் கீல் மாதிரி. மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, முன்னால் முட்டிச் சில்லு. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க வழவழன்னு குருத்தெலும்பு இருக்கு. அதில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால தேய்ஞ்சா லேசில் ஆறாது. கதவுச் சட்டம் உறுதியா இருந்தா கீல் தேயாது. சட்டம் ஆடினா பாரம் முழுக்கக் கீல் மேல விழும். முட்டிக்குச் சட்டம் எதுன்னா, தொடைச் சதையும் இடுப்புச் சதையும்தான். முட்டி வலின்னா முட்டியை மட்டும் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம். பலப்படுத்த வேண்டியது தொடையையும் இடுப்பையும்.

சம தரையில் நடக்கும்போது முட்டிச் சில்லு மேல விழுற அழுத்தம் நம்ம எடையில் சுமார் பாதிதான். படி ஏறி இறங்கினால் சுமார் மூணு மடங்கு. முழுசா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தா ஏழு மடங்குக்கு மேல. 50 கிலோ இருக்கிறவங்களுக்கு 350 கிலோவுக்கும் மேல ஆகுது. அதுக்கு மேல 15 லிட்டர் குடத்தை இடுப்பில் வச்சுக்கிட்டு எழுந்தா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க. நம்ம எடையில் 1 கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் 4 கிலோ பாரம் குறையுமாம்.

அதுக்காகத் தோப்புக்கரணமே கெடுதல்னு நினைச்சிடாதீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். "இல்லைம்மா, முறையாச் செஞ்சா அதுதான் மருந்து. முறை தப்பி, ஒரேயடியா ஏத்தினாத்தான் வினை" என்றாங்க. பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். தாவுற, திரும்புற விளையாட்டில் முட்டி ஜவ்வு அறுபடுறது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குத்தான் பல மடங்கு அதிகம். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயறது அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் கபடி, கைப்பந்து, ஓட்டம், போலீஸ் தேர்வுன்னு பயிற்சி எடுக்கிற பிள்ளை இருந்தா இதைக் குறிச்சுக்குங்க.

ஒண்ணு. உடம்பு சூடாகாமல் கடினப் பயிற்சி கூடாது. முதல் பத்து நிமிஷம் வேக நடை, மெதுவோட்டம், கை கால் சுழற்றல். அப்புறம்தான் மத்தது.

ரெண்டு. உட்கார்ந்து எழும்போது, பின்னால் நாற்காலி இருக்கிற மாதிரி நினைச்சு இடுப்பை முதலில் பின்னுக்குத் தள்ளணும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முட்டி கால் விரல் பார்க்கிற பக்கமே போகணும், உள்ளே சாயக் கூடாது. கண்ணாடி இல்லாட்டி எதிரில் ஒரு பிள்ளை நின்னு பார்த்துச் சொல்லணும்.

மூணு. முதலில் பாதி வரை உட்காரணும். அது வலியில்லாமல் சரியா வந்த பிறகுதான் ஆழம். ஆழம் சரியானாத்தான் பாரம். ஆளைத் தூக்கிக்கிட்டு எழுறதெல்லாம் கடைசிப் பாடம்.

நாலு. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல ஏத்த வேண்டாம். ஐம்பது செஞ்சவங்க அடுத்த வாரம் ஐம்பத்தஞ்சு செஞ்சாப் போதும், நூறு வேண்டாம்.

அஞ்சு. காலுக்கான கடினப் பயிற்சி வாரத்தில் ரெண்டு மூணு நாள் போதும். நடுவில் காலுக்கு ஓய்வு கொடுக்கணும். சதை பலமாகிறது ஓய்வில்தான்.

ஆறு. தாவி இறங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது. பூனை குதிக்கிற மாதிரி, முட்டியை மடக்கி மெதுவா இறங்கப் பழகணும். 'தொம்'னு சத்தம் கேட்டா பாரம் மூட்டில் இறங்குதுன்னு அர்த்தம்.

ஏழு. எந்த வலி நல்ல வலி, எது கெட்ட வலின்னு தெரியணும். மறுநாள் ரெண்டு தொடையும் கடுத்தா அது சதை வலி, ரெண்டு மூணு நாளில் போயிடும். மூட்டுக்குள்ள குத்தினா, வீங்கினா, கால் நடுவில் பூட்டிக்கிட்டா, நிக்கும்போது முட்டி நழுவுற மாதிரி இருந்தா, அன்னைக்கே பயிற்சியை நிறுத்தணும்.

திடீர்னு அடிபட்டு வீங்கினா எண்ணெய் தேய்ச்சு உருவாதீங்க, சூடும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுத்தி 15 நிமிஷம் வைங்க. காலைத் தலைகாணி மேல உயர்த்தி வச்சு ஓய்வு கொடுங்க. 'டப்'னு சத்தம் கேட்டிருந்தா, காலை ஊன்ற முடியாட்டி, சில மணி நேரத்திலேயே வீங்கினா, மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தா உடனே ஆஸ்பத்திரிதான்.

இனி நமக்கு. நடவு நடுறவங்களுக்கும் மண் சுமக்கிறவங்களுக்கும் தினமும் கால் பயிற்சிதானே நடக்குது? யாரும் அதைப் பயிற்சின்னு சொல்றதில்லை, அவ்வளவுதான். வயசு ஐம்பதைத் தாண்டினா முட்டித் தேய்மானம் ஆம்பளைகளைவிட நமக்குத்தான் அதிகம் வருது. இப்பவே பார்த்துக்கணும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது நாலே நாலு பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வச்சு, அதைத் தரையோட அழுத்தி அஞ்சு எண்ணிக்கை பிடிக்கிறது. மல்லாக்கப் படுத்து ஒரு காலை மடக்கி, மத்தக் காலை நீட்டினபடியே ஒரு முழம் தூக்கி இறக்கிறது. பாதத்தை ஊன்றிப் படுத்து இடுப்பைத் தூக்கிறது. சுவர் ஓரம் போட்ட நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவா உட்கார்றது. ஒவ்வொண்ணும் பத்துப் பத்தா மூணு தடவை. குத்தினா அந்தப் பயிற்சியை நிறுத்திட்டுக் கேட்கணும். பத்து நாளில் பலன் தெரியாது, ரெண்டு மாசம் விடாமல் செய்யணும்.

வேலை செய்யும்போதும் சிலதை மாத்திக்கிட்டேன். நாற்றங்கால் சேத்துல முக்காலி நிக்காது, அதனால பத்து முடி பறிச்சதும் எழுந்து நின்னு காலை நீட்டிக்கிறேன். வீட்டில் அரிவாள்மணையை விட்டுட்டு, முக்காலியில் உட்கார்ந்து கத்தியில் காய் நறுக்கிறேன். ஒரே குடத்தை நிறைச்சுத் தூக்காமல் அரைக் குடமா ரெண்டு நடை. மண் சட்டியை நிறைக்காமல், கைக்குக் கை மாத்திவிடுறோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வலி மாத்திரையை நானா வாங்கறதை விட்டுட்டேன். ரொம்ப நாள் போட்டா வயித்துப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்னு சொன்னாங்க.

தை மாசத்திலிருந்து எங்க வீட்டில் சாயங்காலம் பாய் விரிச்சு நானும் மகளும் ஒண்ணா செஞ்சோம். வீட்டுக்காரர் முதலில் சிரிச்சார். அப்புறம் "இன்னைக்குச் செய்யலையா?" என்று அவரே கேட்க ஆரம்பிச்சார். பங்குனியில் மாமியாரும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னுட்டாங்க.

பயிற்சி கொடுக்கிற தம்பிகிட்டயும் நான் போய்ப் பேசினேன். பிசியோ அம்மா எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். முதலில் அவருக்கு முகம் சுண்டிப் போச்சு. "எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்கக்கா" என்றார். "எனக்கும் அப்படித்தான் தம்பி சொல்லிக் கொடுத்தாங்க, நாம மாத்துவோம்" என்றேன். தாளைப் போனில் படம் பிடிச்சுக்கிட்டார். இப்போ திடலில் முதல் பத்து நிமிஷம் யாரும் கோட்டுக்குள்ள இறங்கறதில்லை. ஞாயிறும் புதனும் ஓய்வு.

மக சித்திரையில் மெதுவா ஓட ஆரம்பிச்சா, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வைகாசியில் ஆட்டத்தில் இறங்கினா. ஒண்ணை மறைக்கக் கூடாது. பள்ளிக்கூட அணியில் அவ பேர் இருந்த போட்டி தை மாசம் நடந்துச்சு. அதில் ஆட முடியலை. வேற பிள்ளை அவ பனியனைப் போட்டுக்கிட்டு ஆடுறதை வெளியில் உட்கார்ந்து பார்த்தா. அந்த நாள் திரும்பி வராது. அது என்னால போனதுன்னு எனக்குத் தெரியும். என் முட்டியும் முழுசா சரியாகலை. ஆனா இந்தக் குறுவை நடவுக்கு மாத்திரை போடாமல் போய் வந்தேன். இன்னைக்கு இந்த மேடைக்கு அஞ்சு படி, நேராத்தான் ஏறி வந்தேன்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். எங்க குழுத் தீர்மான நோட்டில் எழுதிட்டோம், நீங்களும் எழுதுங்க. ஒண்ணு, குத்துக்காலிட முடியாத மூத்த உறுப்பினர் வீட்டுக் கழிப்பறையில் உட்காரும் பீங்கான் வைக்க உள்கடன் கொடுக்கணும். ரெண்டு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-லேயே வந்திருக்கு, வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுக்கிறதும் அதில் உண்டு. படுத்த படுக்கையா இருக்கிறவங்க, நடக்க முடியாதவங்க பட்டியலை ஒவ்வொரு குழுவும் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கணும். மூணு, மாசக் கூட்டத்தில் சந்தா வசூலிச்ச பிறகு பத்து நிமிஷம் எல்லாரும் சேர்ந்து இந்த நாலு பயிற்சியைச் செய்யணும்.

கடைசியா ஒண்ணு. பொறுமைதான் பொம்பளைக்கு அழகுன்னு கேட்டு வளர்ந்தோம். பொறுக்க வேண்டியதைப் பொறுப்போம், அதில் நம்மளை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனா வீட்டில் ஒரு பிள்ளை "வலிக்குதும்மா" என்று சொன்னா, "பொறுத்துக்க" என்கிற வார்த்தை வாயில் வர்றதுக்கு முன்னால், "எங்க வலிக்குது, எப்போலேர்ந்து வலிக்குது" என்று கேளுங்க. அதே கேள்வியை யாராவது நம்மகிட்ட கேட்டா, "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீங்க.

தப்பா ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க.